கறுப்பு கிரயானுக்கு என்ன அர்த்தம்? கலைவழிச் சிகிச்சை, முதலிலிருந்து

வேலூர் லாங்கு பஜாரில் ஸ்கெட்ச் பேனா வாங்கப் போயிருந்தேன். கடைக்காரர் ஒரு புத்தகத்தை எடுத்து நீட்டினார். பெரியவர்கள் வண்ணம் தீட்டுவதற்கான புத்தகம். அட்டையில் கொட்டை எழுத்தில் ‘ஆர்ட் தெரபி’ என்று போட்டிருந்தது. “இதுல கலர் அடிச்சா டென்ஷன் போயிடும் சார். நல்லா ஓடுது” என்றார்.

அதே வாரம் எங்கள் தெரு அக்கா ஒருவர் வீட்டுக்கு வந்தார். அவருடைய மகனுக்கு ஆறு வருடமாக மனச்சிதைவு நோய், அதாவது ஸ்கிசோஃப்ரினியா. மாத்திரையில் ஓரளவு நன்றாக இருக்கிறான். சில மாதங்களாக நோட்டு நோட்டாகப் படம் வரைகிறான். அக்கா கையில் போன், அதில் ஏதோ ஒரு வீடியோ. “படம் வரைஞ்சே சரியாயிடும்னு சொல்றாங்க சார். இவன்தான் இவ்ளோ வரையறானே, மாத்திரைய நிறுத்திடலாமா?”

கடைக்காரர் சொன்னதில் பாதி சரி. அக்கா கேட்டது ஆபத்தானது. ஆனால் இரண்டு பேரும் ஒரே இடத்தில்தான் இடறுகிறார்கள். படத்துக்குள் ஏதோ மருந்து இருக்கிறது, வரைந்தால் அது தானாக உள்ளே இறங்கிவிடும் என்று நினைக்கிறார்கள்.

நான் பள்ளி ஓவிய ஆசிரியர், மருத்துவன் இல்லை. ஒரு மறுவாழ்வு இல்லத்துக்கு நாலு வருடம் சனிக்கிழமைதோறும் போய், அங்கே வரும் கலைச் சிகிச்சையாளருக்கு எடுபிடியாக இருந்திருக்கிறேன். பென்சில் சீவுவது, தண்ணீர் மாற்றுவது, களிமண் பிசைவது. அங்கே பார்த்ததையும் நான் சொதப்பியதையும் வைத்து இதை எழுதுகிறேன்.

## கோட்டையைச் சுற்றி நடப்பவர்

விடியற்காலையில் வேலூர்க் கோட்டைப் பக்கம் போனால் பத்துப் பேராவது நடந்துகொண்டிருப்பார்கள். உடம்புக்கு நல்லது, யாருடைய சீட்டும் தேவையில்லை. இன்னொருவர் பைக்கிலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்தவர். ஆபரேஷன் முடிந்து, ஃபிசியோதெரபிஸ்ட் தோளைப் பிடித்துக்கொள்ள, நாலு அடி எடுத்து வைக்கிறார். எந்தக் காலில் எவ்வளவு பாரம் போடலாம், எத்தனை அடியோடு உட்கார வைக்க வேண்டும், நாளைக்கு எத்தனை அடி என்று அந்த ஃபிசியோதெரபிஸ்டுக்குக் கணக்கு உண்டு. இரண்டு பேரும் செய்வது நடைதான். பெயர் மட்டும் வேறு, ஏனென்றால் நோக்கம் வேறு, பக்கத்தில் இருக்கும் ஆள் வேறு.

வாசலில் கோலம் போடுவது, சமைக்கும்போது பாடுவது, கடையில் வாங்கிய புத்தகத்தில் வண்ணம் தீட்டுவது எல்லாம் கோட்டையைச் சுற்றி நடப்பது மாதிரி. நல்லதுதான், தாராளமாகச் செய்யலாம். கலைவழிச் சிகிச்சை என்பது எலும்பு முறிந்தவரின் நடை. பயிற்சி பெற்ற ஒரு சிகிச்சையாளர், குறிப்பிட்ட ஒருவருக்கு உள்ள குறிப்பிட்ட சிக்கலை மனதில் வைத்து, ஓவியம், இசை, உடலசைவு, நாடகம் போன்றவற்றை ஒரு திட்டத்தோடு பயன்படுத்துவது. ஓவியமும் களிமண்ணும் என்றால் கலைச் சிகிச்சை. மற்றவை இசைச் சிகிச்சை, நடன அசைவுச் சிகிச்சை, நாடகச் சிகிச்சை என்று தனித்தனியே வளர்ந்தவை.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். தொழில்வழிச் சிகிச்சை, அதாவது ஆக்குபேஷனல் தெரபி, இதற்கு அண்ணன் முறை என்று சொல்லலாம். அதுவேதான் என்று சொல்ல முடியாது. வேலூர்க்காரர்களுக்கு இதற்கு வெளியே உதாரணம் தேட வேண்டாம். 1950-களில் இங்கே டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவை செய்து நிமிர்த்திய பிறகு, அந்தக் கைகளுக்குத் தச்சு வேலை பழக்கினார். நவஜீவ நிலையம் என்று அந்த இடத்துக்குப் பெயர். அங்கே கை பழைய வேலைக்குத் திரும்ப வேண்டும், பிழைப்பு நடக்க வேண்டும், செய்த பொருள் உருப்படியாக இருக்க வேண்டும். கலைச் சிகிச்சையில் செய்த பொருள் கோணலாக இருந்தாலும் யாருக்கும் நஷ்டம் இல்லை. பார்க்க வேண்டியது, செய்யும்போது அந்த ஆளுக்குள் என்ன நடந்தது என்பதை.

## காசநோய் வார்டில் கிடைத்த பெயர்

‘ஆர்ட் தெரபி’ என்ற பெயர் மனநல மருத்துவமனையில் பிறக்கவில்லை. ஏட்ரியன் ஹில் என்ற ஆங்கிலேய ஓவியர் காசநோயோடு சானடோரியத்தில் படுத்துக்கிடந்தபோது, படுத்தபடியே வரைந்து பொழுதைத் தள்ளினார். பக்கத்துப் படுக்கைக்காரர்களுக்கும் சொல்லிக்கொடுத்தார். 1942-இல் அதற்கு அவர் வைத்த பெயர்தான் இது. அதே ஆண்டில் அமெரிக்காவின் வாஷிங்டனில் மேரியன் சேஸ் என்ற நடனக்காரர் மனநல மருத்துவமனை ஒன்றில் நோயாளிகளோடு ஆடத் தொடங்கினார். பிரேசிலில் நீஸே த சில்வெய்ரா என்ற பெண் மருத்துவருக்கு மின்அதிர்ச்சியும் மூளை அறுவையும் பிடிக்கவில்லை. 1946-இல் மருத்துவமனைக்குள்ளேயே ஓவியக்கூடம் திறந்தார். அங்கே வரைந்தவற்றுக்கு 1952-இல் ஒரு அருங்காட்சியகமே வந்தது.

வரலாறு இவ்வளவு போதும். நம் ஊருக்கு வருவோம்.

## ஒப்பாரியும் வேஷமும்

சாவு வீட்டில் ஒப்பாரி வைக்கும் பாட்டிகளைக் கவனித்திருக்கிறீர்களா? வெறும் அழுகைக்கு முடிவு தெரியாது. அது ஆளை இழுத்துக்கொண்டே போகும். ஒப்பாரிக்கு இழுப்பு உண்டு, திரும்பும் இடம் உண்டு, அடுத்தவர் எடுத்துக் கொடுக்கும் இடம் உண்டு. கழுத்தைக் கட்டிக்கொண்டு நாலு பேர் சேர்ந்து அழுவார்கள். ஒரு மூச்சில் பாடி, நிறுத்தி, மூக்கைச் சிந்திவிட்டு, “காப்பி குடிச்சீங்களா?” என்று வந்தவர்களைக் கேட்பார்கள். சின்ன வயதில் இதைப் பார்த்து, இவர்கள் நடிக்கிறார்கள் என்று நினைத்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. துக்கம் நிஜம். பாட்டு அதற்குக் கரை கட்டுகிறது.

பெரியவர்கள் இன்னும் வட ஆற்காடு என்றே சொல்லும் நம் பக்கத்து ஊர்களில் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைத்தால், பகலில் பிரசங்கம், ராத்திரி கூத்து. துகில் உரியும் ராத்திரியில் திரௌபதி வேஷம் கட்டியவர் சபையைப் பார்த்துக் கேட்கும் கேள்வியில் கீழே உட்கார்ந்திருக்கும் பெண்கள் தேம்பி அழுவார்கள். யாருக்காக அழுகிறார்கள்? திரௌபதிக்காக என்றுதான் சொல்வார்கள். அவரவர் வீட்டுச் சபையில் கேட்க முடியாமல் போன கேள்வியும் அதில் சேர்ந்துதான் வருகிறது. தன் பெயரில் சொல்ல முடியாததை இன்னொரு பெயரில் சொல்லலாம், கேட்கலாம். விடிந்ததும் அரிதாரத்தைத் துடைத்துவிட்டு, அதே திரௌபதி டீக்கடை பெஞ்சில் பீடி குடித்துக்கொண்டிருப்பார். வேஷத்துக்குள் போக வழி இருந்த மாதிரி, வெளியே வரவும் வழி இருக்கிறது.

நாடகச் சிகிச்சையில் இதற்குக் கலைத் தூரம் என்று பெயர். வலியை உரசாமல், அதே சமயம் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் வைத்துப் பார்ப்பது. ரொம்பக் கிட்டே போனால் ஆள் மூழ்கிவிடுவார். ரொம்ப எட்டப் போனால் ஒன்றும் உறைக்காது.

இதுவரை வந்தது இரண்டு விஷயம். கலை, உணர்ச்சிக்கு ஒரு கரை கொடுக்கிறது. நேரடியாகத் தொட முடியாததைக் கொஞ்சம் தள்ளி வைத்துத் தொட வழி கொடுக்கிறது.

## மாத்திரை நிறுத்திய குரலும், நிறுத்தாத மௌனமும்

மனச்சிதைவு என்றால் பலருக்கும் நினைவு வருவது காதில் குரல் கேட்பது, யாரோ தன்னைக் கொல்ல வருகிறார்கள் என்று பயப்படுவது. இல்லாதது வந்து சேரும் இந்த வகையை நேர்மறை அறிகுறிகள் என்பார்கள். இன்னொரு பக்கமும் உண்டு: பேச்சு குறைந்துபோவது, ஆசை வற்றிப்போவது, முகத்தில் ஒன்றும் தெரியாமல் போவது, மணிக்கணக்கில் சும்மா உட்கார்ந்திருப்பது. இருக்க வேண்டியது இல்லாமல் போகும் இந்த வகை எதிர்மறை அறிகுறிகள். நேர், எதிர் என்பது நல்லது கெட்டது என்ற பொருளில் இல்லை. கூட்டல், கழித்தல் மாதிரி.

மாத்திரைகள் பெரும்பாலும் கூட்டல் பக்கத்தை நன்றாகக் கட்டுப்படுத்துகின்றன. கழித்தல் பக்கத்தில் அவற்றின் கை அவ்வளவு நீளாது. வீட்டில் “சோம்பேறி ஆயிட்டான்” என்று திட்டு வாங்கித் தருவது பெரும்பாலும் இந்தக் கழித்தல் பக்கம்தான். கலைவழிச் சிகிச்சைக்கு வேலை அதிகம் இருப்பதும் அங்கேதான்.

ஒரு பேச்சுக்கு, குடியாத்தம் பக்கம் லுங்கி நெய்துகொண்டிருந்த ஒருவரை வைத்துக்கொள்வோம். குரல்கள் நின்றுவிட்டன. ஆனால் மூன்று மாதமாகச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். “என்ன தோணுது?” என்று கேட்டால் பதில் இல்லை, ஏனென்றால் ஒன்றும் தோன்றவில்லை. சிகிச்சையாளர் வெள்ளைத்தாளை நீட்டி “எதையாவது வரைங்க” என்று சொல்ல மாட்டார். அவ்வளவு பெரிய வெறுமை முன்னால் நானும் நீங்களுமே திகைத்துப் போவோம். அவருக்குக் கை பழகிய லுங்கிக் கட்டத்தைப் பாதி கோடு போட்டுக் கொடுப்பார், மீதியை அவர் முடிக்கலாம். முதல் வாரம் ஒரு கோடு. நாலாவது வாரம் கட்டம் நிரம்புகிறது. ஏழாவது வாரம், யாரும் சொல்லாமல், பச்சைக்கோடு வர வேண்டிய இடத்தில் அவர் ஆரஞ்சு போடுகிறார்.

வெளியாளுக்கு அது ஒரு கோடு. அவருக்கு அது பல மாதத்துக்குப் பிறகு அவராக எடுத்த முதல் முடிவு. சாப்பாட்டு நேரம், மாத்திரை நேரம், படுக்கை நேரம் எல்லாவற்றையும் அடுத்தவர்கள் தீர்மானிக்கும் வாழ்க்கையில், எந்த நிறம், எவ்வளவு அழுத்தம், எப்போது போதும் என்பது மட்டும் அவர் கையில் இருக்கிறது. மனச்சோர்வு நோயிலும் இதே திசைதான் உதவுகிறது. மனசு சரியானதும் வேலை செய்யலாம் என்று காத்திருந்தால் அது வராது. சின்னதாக ஒன்றைச் செய்தால், மனசு பின்னாலேயே மெல்ல நகர்ந்து வரும்.

## மூன்றாவது ஆள்

பீடி சுற்றும் பெண்கள் திண்ணையில் உட்கார்ந்து பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். கண் மடியில் உள்ள முறத்தில் இருக்கும், கை இலையைச் சுருட்டிக்கொண்டிருக்கும், வாய் மட்டும் பேசும். அதே பெண்ணை நாற்காலியில் எதிரே உட்கார வைத்து, கண்ணைப் பார்த்து, “உங்க பிரச்சினை என்னம்மா?” என்று கேட்டுப் பாருங்கள். “ஒண்ணுமில்ல” என்பார்.

இந்தச் சிகிச்சையின் அச்சாணி இதுதான். வழக்கமான ஆலோசனையில் இரண்டு பேர், முகத்துக்கு முகம். இங்கே மூன்றாவதாகப் படமும் உட்கார்ந்திருக்கிறது. நோயாளி, சிகிச்சையாளர், படம் என்று ஒரு முக்கோணம். இரண்டு பேரும் படத்தைப் பார்த்துப் பேசுகிறார்கள். “நீங்க ஏன் தனியா இருக்கீங்க?” என்ற கேள்வி குத்தும். “இந்த வீட்டுக்குக் கதவு போடலியா?” என்பது குத்தாது. வேண்டுமென்றால் அவர் கதவைப் பற்றி மட்டும் பேசலாம். தன்னைப் பற்றியும் பேசலாம். ஒன்றும் பேசாமல் ஒரு கதவை வரைந்துவிட்டும் போகலாம்.

உடம்பிலும் ஏதோ நடக்கிறது. அமெரிக்காவில் 2016-இல் வெளியான ஒரு ஆய்வில் 39 பேர் 45 நிமிடம் ஏதாவது செய்தார்கள். களிமண், மார்க்கர், கத்தரித்து ஒட்டுவது, அவரவர் விருப்பம். சுமார் முக்கால்வாசிப் பேருக்கு எச்சிலில் கார்டிசால் குறைந்தது. பதற்றத்தில் உடம்பு சுரக்கும் ஹார்மோன் அது. முன்னே வரைந்து பழகியவர், பழகாதவர் என்ற வித்தியாசம் பெரிதாக இல்லை. ஆனால் அவர்கள் எல்லோரும் ஆரோக்கியமானவர்கள் என்பதை மறக்கக் கூடாது. லாங்கு பஜார் கடைக்காரர் பாதி சரி என்று சொன்னேனே, அந்தப் பாதி இதுதான். டென்ஷன் குறையும். டென்ஷன் வேறு, மனநோய் வேறு.

சரி, சுருக்கமாக: கலை சின்னச் சின்ன முடிவுகளை எடுக்க வைக்கிறது, பதற்றத்தைத் தணிக்கிறது, இரண்டு பேர் சேர்ந்து பார்க்க ஒரு பொருளைக் கொடுக்கிறது. மூன்றாவது நடக்க, பக்கத்தில் ஆள் வேண்டும்.

## நான் சொதப்பிய சனிக்கிழமை

ஒருநாள் சிகிச்சையாளர் போன் பேச வெளியே போனார். வகுப்பெடுக்கும் பழக்கதோஷம், நான் எழுந்து நின்றேன். “எல்லாரும் உங்களுக்கு ரொம்பப் பயமான ஒண்ண வரைங்க பார்க்கலாம்” என்றேன். எங்கேயோ படித்த ஞாபகம். பெரிய ஆழத்தைத் தொட்டுவிட்ட பெருமை வேறு.

ஐந்து நிமிடத்தில் ஒருவர் கிரயானை அழுத்தித் தேய்க்க ஆரம்பித்தார். தாள் கிழிந்தது, மேஜையிலும் தேய்த்தார். கறுப்பு. அப்புறம் எழுந்து சுவரோரம் போய் நின்று காதைப் பொத்திக்கொண்டார். நான் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன்.

சிகிச்சையாளர் வந்தார். பதறவில்லை, என்னைத் திட்டவுமில்லை. மூடி போட்ட ஒரு அட்டைப்பெட்டியை எடுத்துவந்து, கொஞ்சம் தள்ளி நின்று, அவரிடம் கேட்டார்: “அண்ணே, இந்தத் தாள மடிச்சி இதுக்குள்ள வச்சி மூடிடலாமா? அடுத்த வாரம் திறக்கறதா வேணாமான்னு நீங்களே சொல்லுங்க.” கொஞ்ச நேரம் கழித்து அவர் வந்து, மடித்து, உள்ளே வைத்து, மூடினார். மூடிக்கு மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அன்று சாயங்காலம் எனக்குப் பாடம் நடந்தது. எதை வரையச் சொல்வது என்பதை விட எதைக் கொண்டு வரைவது என்பதே முக்கியம் என்றார். பென்சில், ஸ்கேல், கட்டம் போட்ட தாள் எல்லாம் கைக்கு அடங்கும். வாட்டர் கலர் தன் இஷ்டத்துக்கு ஓடும். ஈரக் களிமண் பழைய ஞாபகங்களைக் கிளறிவிடும். இறுகிப்போனவருக்கு ஓடும் நிறம் உதவலாம். எது நிஜம், எது கற்பனை என்ற கோடு ஏற்கெனவே அழிந்துகொண்டிருக்கும் ஒருவரிடம் ஓடும் நிறத்தையும் பயத்தையும் சேர்த்துக் கொடுப்பது, கரை உடைந்த ஏரியில் மறுபடி மடை திறப்பது மாதிரி. மருந்து மாதிரியே இதற்கும் அளவு உண்டு, பக்கவிளைவு உண்டு.

## கிளி ஜோசியம் வேண்டாம்

அந்தக் கறுப்பைப் பற்றி எனக்கு ஒரு விளக்கம் தயாராக இருந்தது: மரணம், இருட்டு, இன்ன பிற. அடுத்த வாரம் அவரே சொன்னார், டப்பாவில் உடையாமல் முழுசாக இருந்த கிரயான் அது ஒன்றுதானாம்.

படத்தைப் பார்த்ததும் ஆளைப் படித்துவிடலாம் என்பது இந்தத் துறையைச் சுற்றி இருக்கும் பெரிய மூடநம்பிக்கை. மரத்துக்கு வேர் இல்லையென்றால் பாதுகாப்பின்மை, சூரியன் சின்னதாக இருந்தால் அப்பா பாசம் இல்லை என்றெல்லாம் வாட்ஸ்ஆப்பில் வரும். இதற்குக் கூண்டுக்குள்ளிருந்து சீட்டெடுக்கும் கிளியே போதும். நல்ல சிகிச்சையாளர் அர்த்தம் சொல்ல மாட்டார், கேட்பார். “இது என்ன?” என்றுகூட அவசரப்பட்டுக் கேட்க மாட்டார். “இதைப் பத்தி ஏதாவது சொல்லணும்னு இருக்கா?” என்பார். “இல்ல” என்பதும் பதில்தான்.

அதே காரணத்தால் இந்தப் படங்கள் கண்காட்சிக்கு உரியவை இல்லை. இவை மருத்துவக் குறிப்பு மாதிரி. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, சிகிச்சையில் இருப்பவரின் புகைப்படமோ தகவலோ அவர் சம்மதம் இல்லாமல் ஊடகத்துக்குப் போகக் கூடாது. அக்டோபர் 10, உலக மனநல நாள் வந்தால் ‘நோயாளிகளின் ஓவியங்கள்’ என்று பேனர் கட்ட ஆசைப்படுகிறவர்கள் முதலில் வரைந்தவரைக் கேட்கட்டும்.

## பம்பை அடித்துச் சாமி ஆடினால்?

“இதெல்லாம் நம்ம முன்னோர் அன்னைக்கே கண்டுபிடிச்சதுதானே?” என்று கேட்பவர்கள் உண்டு. பம்பையும் உடுக்கையும் முழங்க ஒரு பெண் சாமி வந்து ஆடி முடித்து, பாரம் இறங்கின முகத்தோடு உட்காருவதை நானும் பார்த்திருக்கிறேன். தாளம், அசைவு, சுற்றி நிற்கும் ஊர், கடைசியில் திருநீறு என்று அதிலும் கரை இருக்கிறது. அதைக் கேலி செய்ய எனக்கு மனசில்லை. ஆனால் அடுத்த வாரம் அவர் தூங்கினாரா, மாத்திரை போட்டாரா, குரல் மறுபடி கேட்கிறதா என்று பம்பைக்காரர் வந்து விசாரிப்பதில்லை. அது அவர் வேலையும் இல்லை. நோய் முற்றும்வரை கோயில் கோயிலாக அலைந்துவிட்டுக் கடைசியில் மருத்துவரிடம் வந்த குடும்பங்களையும் பார்த்திருக்கிறேன்.

## ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

ஒரே குரலில் சொல்லவில்லை. பிரிட்டனில் மனச்சிதைவு உள்ள 417 பேரை வைத்து நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2012-இல் வெளியானது. வழக்கமான சிகிச்சையோடு வாரம் ஒருமுறை குழுக் கலைச் சிகிச்சையும் பெற்றவர்களுக்கும், அது இல்லாதவர்களுக்கும் இரண்டு வருட முடிவில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. பலர் அமர்வுகளுக்குச் சரியாக வரவுமில்லை. ஆர்வம் இருக்கிறதா என்று பார்க்காமல் எல்லோருக்கும் கொடுத்தால் பலன் கிடைக்காது என்று இதைச் சிலர் வாசித்தார்கள். எனக்கும் அது சரியாகப் படுகிறது, ஆனால் அது முடிவை அழித்துவிடாது.

இசைச் சிகிச்சையின் கணக்கு கொஞ்சம் தெம்பாக இருக்கிறது. மனச்சிதைவு உள்ளவர்கள் பற்றிய 18 ஆய்வுகளை, மொத்தம் 1215 பேர், சேர்த்துப் பார்த்த 2017-ஆம் ஆண்டுத் தொகுப்பு ஒன்றில், வழக்கமான சிகிச்சையோடு இசையும் சேர்ந்தபோது பொதுநிலையும் எதிர்மறை அறிகுறிகளும் மேம்பட்டன. எத்தனை அமர்வுகள் என்பதைப் பொறுத்துப் பலன் மாறியது. இரண்டிலும் மருந்து நிறுத்தப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். அக்காவின் கேள்விக்குப் பதில் அதில் இருக்கிறது.

## வேலூரில் எங்கே தொடங்குவது?

மனநல மருத்துவரிடம். கலைச் சிகிச்சையாளரைத் தேடிப் போவது அதற்கு அப்புறம். பாகாயத்தில் சிஎம்சியின் மனநல மையம் 1957-லிருந்து இருக்கிறது. நோயாளியோடு குடும்பத்தாரும் தங்கிச் சிகிச்சையில் பங்கெடுக்கும் முறைக்குப் பேர் வாங்கிய இடம். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு உண்டு. நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவித் தொலைபேசி. தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

கலைச் சிகிச்சையாளர் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் வந்தால், எங்கே, எவ்வளவு காலம் படித்தீர்கள், யாருடைய மேற்பார்வையில் வேலை செய்கிறீர்கள், எங்கள் மருத்துவரோடு பேசுவீர்களா என்று கேளுங்கள். இரண்டு நாள் பட்டறைச் சான்றிதழைக் காட்டினால் அவரிடம் ஓவியம் கற்றுக்கொள்ளலாம். “மருந்தே வேண்டாம்” என்று சொன்னால் வாசலைக் காட்டலாம்.

அக்காவிடம் இதையெல்லாம் இவ்வளவு நீளமாகச் சொல்லவில்லை. மாத்திரையை நிறுத்த வேண்டாம், அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது நோட்டைக் கொண்டுபோங்கள், ஆனால் அவனைக் கேட்டுவிட்டு எடுங்கள் என்றேன். “என் புள்ள நோட்டு, அவனையே கேட்கணுமா?” என்று சிரித்தார். ஆமாம்க்கா என்றேன்.

போன வாரம் தெருமுனையில் பார்த்தேன். கேட்டாராம். மூன்று நோட்டில் இரண்டைக் கொடுத்தானாம். மூன்றாவதைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு, “இது வேணாம்மா” என்றானாம்.